தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

போர்ட் பிளேயரில், எங்கள் பத்துபஸ்திப் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்குக் குடத்தோடு எல்லாரும் நிற்போம். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற பேச்சு அந்தக் குழாயடியில்தான் முதலில் என் காதில் விழுந்தது.

எதிர்வீட்டு அம்மா போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அதில் ஒரு பொம்பளை, ஒரு கோணிப்பை, கத்துகிற ஜனம். பின்னால் ஒரு பஸ் நின்றது.

"பாருங்க பெரியம்மா. மெயின்லேண்ட் கப்பல்ல வந்து இறங்கியிருக்காங்களாம். ஏழு பேராம்."

"இது நம்ம ஊர் பஸ் இல்லியே."

"பஸ்ஸா இப்ப முக்கியம்? புள்ளைங்களப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது இருபது பேர் என்றாள். "ஹார்பர்ல நிக்கிற கப்பல் குட்டி போடுதாக்கும்" என்றேன். குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பகலிலேயே கேட்டைப் பூட்டினேன். பொய் என்று தெரிந்துதான் பூட்டினேன். அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சிலோன் மலைத்தோட்டத்தில் பிறந்தவள். அங்கிருந்து அனுப்பப்பட்டுக் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தாய்மார்கள் விடியலில் ரப்பர் பால் வெட்டப் போவார்கள். அவர்களுடைய பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்போம். அந்தக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். அந்தத் தீவில் ஒரு தலைமுறையே என் கையால் கஞ்சி குடித்தது. ஒரு பிள்ளைகூட என் பொறுப்பில் காணாமல் போனதில்லை. சுனாமிக்குப் பிறகுதான் போர்ட் பிளேயருக்கு வந்து இந்த வீட்டைக் கட்டினோம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டேன்.

அந்த அறைகளுக்கு வந்தவர்கள் ராமநாதபுரம் பக்கத்துப் புருஷன் பெண்சாதி. அவன் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் பார்க்கிறவன். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஆண் பிள்ளை. பிறந்ததிலிருந்து காய்ச்சல், வாந்தி, ஆஸ்பத்திரி. ஒருநாள் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தவிட்டுக்கு வித்துரு புள்ள" என்றேன்.

அவளுக்கும் அது தெரிந்த வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளையை வேறொருத்திக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றுவிடுவது. அப்புறம் அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தேடி வருகிற கெட்டது வாசலோடு திரும்பிப் போய்விடும். வாங்கினவள் "என் பிள்ளையை வளர்த்துக் கொடு" என்று பெற்றவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போவாள். பிள்ளை தேறி, பள்ளிக்கூடம் போகிற வயது வரும்போது, அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளை இப்படிக் காப்பாற்றியிருக்கிறோம்.

வாங்குகிறவள் சொந்தக்காரியாக இருக்கக் கூடாது. எங்கள் வீதிக்கு மீன் கொண்டுவருகிற தெலுங்குக்காரி நினைவுக்கு வந்தாள். ஜங்கிலிகாட்டிலிருந்து அலுமினியப் பேசினில் மீனைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். மூன்று பிள்ளை பெற்றவள், மூன்றும் கல்லுக் குண்டு மாதிரி. குரலும் அப்படித்தான். அவள் மெயின் ரோட்டில் கூவினால் என் அடுப்படியில் கேட்கும்.

விஷயத்தைச் சொன்னதும் பேசினை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அரே மாஜி, நான் மச்சி, மீனு விக்கிறவ. வாங்கிப் பழக்கம் லேது."

"இதை வாங்கு. கிண்டல் பண்ணாதே."

தவிட்டுக்கே அலைய வேண்டியிருந்தது. கடைசியில் கோழித் தீவனக் கடையில் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் சுளகைப் பிடிக்க, அவள் தவிட்டைத் தாயின் மடியில் கொட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பினாள். பிள்ளைக்குக் கூப்பிடுகிற பெயரையும் அவளே வைத்தாள். அதற்குப் பிறகு பிள்ளை தேறினான். நம்புகிறவர்கள் நம்பட்டும். தேறினான், நான் கண்ணால் பார்த்தேன். மீன்காரியும் வருகிற நாளெல்லாம் "எங்க என் பாபு?" என்று கேட்டு, முள் குறைந்த மீனாக ஒன்று தனியே வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பாள்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருஷம் வந்தது. மீட்பதற்கு நாள் பார்த்தேன். அது குழாயடியில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம்.

"இப்ப வேணுமா பெரியம்மா? ஊரே ஒரு மாதிரி இருக்கே" என்றாள் தாய்.

"ஊருக்கு ஆயிரம் இருக்கும். ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி புள்ள உன் புள்ளையா ஆகணும்."

மீட்கிற முறை இதுதான். வாங்கினவள் பிள்ளையை வெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். வாசலில் நின்று "பிள்ளை வேணுமா, பிள்ளை" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். பெற்றவள் அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்பக் கூடாது. மூன்றாவது தரம்தான் திரும்பித் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள்.

காலையில் நானே பையனை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மீன்காரியிடம் விட்டேன். அவள் குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். பையன் கோயில் வாசலில் தொங்கிய பொம்மைக் காரைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். நான் முன்னால் வீட்டுக்கு வந்து தாயைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தேன். சுளகில் தவிடு, மேலே ஒரு புதுச் சேலை.

வாசலில் வந்துதான் கூப்பிட வேண்டும். ஆனால் அவள் மீன் விற்கிறவள். வீதி திரும்பும்போதே குரலை எடுத்துவிடுவது அவளுக்குப் பழக்கம். "புள்ள வேணுமா, புள்ள" என்று மெயின் ரோட்டிலிருந்தே கேட்டது. தாய் சுவரைப் பார்த்தபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாவது தரமும் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

"குரல் நின்னுருச்சு பெரியம்மா."

"திரும்பாதே. வருவா."

மேலே பிளேன் ஒன்று இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கினபோது ரோட்டுப் பக்கமிருந்து வேறு மாதிரி இரைச்சல் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள். நல்ல சேலை கிழிந்திருந்தது. பையன் யாரோ ஒரு வடக்கத்தி ஆளின் கையில் வீறிட்டுக்கொண்டிருந்தான். டீக்கடையில் நின்ற வாலிபர்கள்தான் முதலில் மறித்திருக்கிறார்கள். அழுகிற பிள்ளை, கூவி விற்கிற பொம்பளை. யார் பிள்ளை என்று கேட்டிருக்கிறார்கள். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். என் பிள்ளைதான், வாங்கினேன், இப்போது கொடுக்கப் போகிறேன் என்று. அவ்வளவுதான்.

"விடுங்கடா. நான்தான் பிள்ளையை அவகிட்ட குடுத்தேன்" என்று உள்ளே நுழைந்தேன்.

"புட்டியாவும் கூட்டாளிதான்" என்று ஒருவன் சொன்னான். கிழவியும் கூட்டு என்று. என்னை அப்படி ஒருவன் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மீன்காரியிடம் தினமும் மீன் வாங்குகிற கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்றார். ஜீப் வந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வெளியே ஜனம் நிறைந்து நின்றது. சிலர் தூக்கில் போடு என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே ஆபீசர் வடக்கத்திக்காரர். என்னோடு பேச ஒரு தமிழ்க் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். அரை நூற்றாண்டு இந்தத் தீவுகளில் இருந்தவளுக்கு ஹிந்தி வராதா?

"பிள்ளையை விற்றது உண்மையா?" என்று கேட்டார்.

"உண்மைதான் சாப்."

"யார் முன்னால்?"

"என் முன்னால். சுளகு பிடித்ததே நான்தான்."

"எதற்கு விற்றார்கள்?"

"தவிட்டுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சிலோனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், மெதுவாக, வெளியே கேட்காத குரலில் சொன்னார்.

"தெரியும் மாஜி. எங்கள் கிராமத்திலும் உண்டு. என் சித்தப்பாவை ஐந்து சோழிக்கு விற்றார்கள். இன்றைக்கும் அவரை ஐந்து சோழிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப விட்டுடுங்க சாப்."

"கேஸ் போட்டாகிவிட்டது. மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. நீங்களே விற்றது உண்மை என்று சொல்கிறீர்கள். நான் எதை எழுதட்டும்?"

சொன்னதை எழுதினார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது கான்ஸ்டபிள் கூடவே வந்தார்.

"பாட்டி, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. பேசப் பேச ஒங்க பேரும் உள்ள போவுது."

"அவ தப்புப் பண்ணலேன்னு ஒங்க ஆபீசருக்கே தெரியுதே."

"தெரியுங்க. இந்தக் கூட்டத்துக்கு நடுவுல வெளிய விட்டா உயிரோட வீடு போவாளா? உள்ள இருக்கிறது அவளுக்கே நல்லதுதான்."

அப்படியானால் அவளைக் காப்பாற்றுவதற்கு உள்ளே வைத்திருக்கிறார்களா, தண்டிப்பதற்கு வைத்திருக்கிறார்களா? நான் அவரிடமே கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இனி அவளை வெளியே கொண்டுவரத் தாயின் வாயால் மட்டும்தான் முடியும். நான்தான் கொடுத்தேன், விருப்பத்தோடு கொடுத்தேன் என்று அவள் சொல்ல வேண்டும். ஆனால் அவள் போலீஸிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். எனக்கு எதுவும் தெரியாது, நான் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் சொல்லிக்கொடுத்தது. அவனை நேராகக் கேட்டேன்.

"வித்தேன்னு இவ சொன்னா இவளையும் புடிப்பாங்க. புள்ளையக் கொண்டு போயி ஹோம்ல போட்ருவாங்க. எங்கள எதுல மாட்டிவிடப் பாக்குறீங்க?"

"உள்ள ஒருத்தி கிடக்காளே தம்பி."

"அவ நல்லவதான். நான் இல்லேங்கலையே."

நல்லவள்தான் என்கிறான். எதிர்வீட்டு அம்மாவும் அதையே சொன்னாள். கடைக்காரரிடம் போய், இத்தனை வருஷம் அவளிடம் மீன் வாங்கினவர்தானே என்றேன். "அது வேறம்மா, இது வேற. புள்ளைங்க விஷயம்" என்றார். மாலையில் மெழுகுவத்தி ஏந்திக்கொண்டு ரோட்டில் போனவர்களில் அவரும் இருந்தார். கேஸ் எடுக்க வக்கீல் கிடைக்கவில்லை. ஒருவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்து, "என் பிள்ளைகளும் இந்த ஊர்லதான் படிக்குதும்மா" என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். ஒரு கையில் கட்டு. ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். அவளுடைய பிள்ளைகளை அவள் தங்கை பார்த்துக்கொள்கிறாளாம்.

"பாபு அன்னிக்கு ரொம்ப அழுதானா மாஜி?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. பொம்மைக் கார் கிடைச்சிருச்சு."

"அச்சா." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "என் புள்ளன்னு சொன்னேன், அடிச்சாங்க. என் புள்ள இல்லேன்னு சொல்லிருந்தா?"

"அப்பவும் அடிச்சிருப்பாங்க."

"அப்ப என்ன சொல்லியிருக்கணும்?"

 இத்தனை வயதுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழை வந்தது. போன்களில் முதலை வீடியோ ஓடத் தொடங்கியது. பிள்ளை பிடிக்கிற பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டு அம்மா, "கடை மீனெல்லாம் ஐஸ் மீனுங்க பெரியம்மா. வாயில வைக்க முடியல. அந்த மீன்காரி இருந்தா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மழையில்தான் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. வாரக்கணக்கில் விடவில்லை. தாய் பழையபடி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.  நான் நினைத்தது அவளுக்குத் தெரியும். பிள்ளை இன்னும் மீட்கப்படவில்லை. பிள்ளைக்கு உரியவள் ஜெயிலில் அழுதுகொண்டிருக்கிறாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"அவ சாபம் விட்டிருப்பாளா பெரியம்மா?"

இல்லை, அவள் பையன் அழுதானா என்றுதான் கேட்டாள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உரியவ வயிறு எரிஞ்சா என்ன ஆகும்னு எனக்கென்ன தெரியும்" என்றேன். அன்றைக்கே அவள் புருஷனோடு சண்டை போட்டாள். நீதிபதி முன்னால் போய்ச் சொல்கிறேன் என்று நின்றாள். போலீஸ் பயத்தை விடப் பிள்ளைப் பயம் பெரிதாகிவிட்டது. ஊர் பயந்ததால் ஒருத்தி உள்ளே போனாள், இவள் பயந்ததால் வெளியே வரப் போகிறாள் என்று பட்டது. இதில் நியாயம் எந்த இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அரசாங்கமே வைத்துக் கொடுத்த ஒரு சின்ன வயது வக்கீல் பெண் வந்தாள். கோர்ட்டில் அன்றைக்கு ஜனமே இல்லை. அட்டை பிடித்தவர்கள் ஒருவரும் வரவில்லை. தாய் கூண்டில் ஏறி, நான்தான் கொடுத்தேன், இவர்கள் எனக்கு நல்லதுதான் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு அழுதாள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"விற்றது உண்மையா?"

"உண்மைதான்."

"எதற்கு?"

"தவிட்டுக்கு. ஒரு சுளகு."

வேறு கேஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அரசாங்க வக்கீலும் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார். நீதிபதி புன்னகையோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஸ்டேஷனில் நான் சொன்னதற்கு மேல் ஒரு சொல்கூட அங்கே சொல்லவில்லை. அங்கே அது குற்றமாகப் போனது, இங்கே சிரிப்பாகப் போனது. இரண்டு இடத்திலும் நான் உள்ளதைத்தான் சொன்னேன். இரண்டு இடத்திலும் யாரும் அதை உள்ளதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

கேஸ் தள்ளுபடியானது. வராந்தாவில் அந்தக் கான்ஸ்டபிள் நின்றார்.

"அவளை அடிச்சவங்க மேல கேஸ் எப்ப வரும் தம்பி?"

"யார்னு தெரியலியே பாட்டி. கூட்டமுல்ல."

"அடிச்சப்ப போன்ல எடுத்த வீடியோல முகமெல்லாம் தெரியுதே. ஊரே பாத்துச்சே."

"தெரியுதுங்க" என்றார். அவ்வளவுதான்.

மீன்காரி வெளியே வந்தும் எங்கள் வீதிக்கு வரவில்லை. பையன் காய்ச்சல் நீங்கி எழுந்ததும், நானும் தாயும் அவனைக் கூட்டிக்கொண்டு ஜங்கிலிகாட் மார்க்கெட்டுக்குப் போனோம். புதுத் தவிடு ஒரு டப்பாவில், சேலை ஒரு பையில். அவள் கடைசி வரிசையில், வெயில் விழுகிற பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்பிருந்த இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொண்டாளாம். அவள் கூவவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

பையன் ஓடிப்போய் மீனின் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் தலையைத் தொடவில்லை.

"பாபு லம்பா ஆயிட்டான்" என்றாள், அவன் உயரத்தைக் கண்ணால் அளந்து.

"ஒரு தரம் வந்து வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போயிருங்கக்கா" என்று தாய் கைகூப்பினாள். "கூப்புடக்கூட வேணாம்."

"நஹி. அந்த ரோட்டுல இந்தப் புள்ளையத் தூக்கிட்டு நான் நடக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். பழைய கிண்டல் கொஞ்சம் முகத்தில் வந்தது. "வாங்கினதுக்கு ஒரு கேஸ் மாஜி. வித்தா இன்னொரு கேஸ் வராதா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. இங்கேயே வைத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பிள்ளையைக் கையில் வாங்கி வாசல்படியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மார்க்கெட்டில் ஏது படி? அவளோ கையை முன்னால் கொண்டுவரவே இல்லை.

"என் புள்ளையாவே இருக்கட்டும். வளர்த்துக் குடுங்க" என்றாள். சேலையையும் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி, முள் குறைந்த மீனாக ஒன்றை எங்கள் பையில் போடவைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். தவிட்டு டப்பா என் கையில் இருந்தது. பையன் மீன் பையைத் திறந்து திறந்து பார்த்தான்.

"இப்ப இவன் யாரு புள்ள பெரியம்மா?" என்று தாய் கேட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் எந்தப் பிள்ளை அழுதாலும், திரும்பிப் பார்க்காமலே அது யாருடையது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் கேட்கிறாள்.

"பஸ் வருது. அவன் கையப் புடி" என்றேன்.